வழித்துணைவர் வில்லியம் சாக்ட்லெபன்

கல்லூரியிற் கற்பன யாவும் கற்று முடித்துப் பட்டமும் பெற்றபின், மாணவன் ஒருவன் மறுநாட் காலையில் என் செய்வான்? அலுவல் தேடுவான், அன்றி மேற்படிப்பை நாடுவான், இரண்டும் கைகூடாவிடின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளின் விளம்பரப் பகுதியைப் புரட்டுவான். இஃது உலக வழக்கு. பட்டம் பெற்ற மறுநாளே தோழர் ஒருவருடன் புறப்பட்டு, மிதிவண்டியின் மீதமர்ந்தே மூன்று கண்டங்களைக் கடந்து மீண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் பெயர் வில்லியம் லூயிஸ் சாக்ட்லெபன். தம் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வாயிலும் வழங்கிய பெயர் அது.

எத்தனையோ பெரியார் இருக்க இவரை யாம் நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற விடுமுறையில் விடுதித் தோழர் நால்வர் மிதிவண்டிகளில் கடற்கரையூர் ஒன்றிற்குச் சென்றோம். இடைவழியில் ஒருவனுடைய சக்கரம் முள் தைத்துக் காற்றிழந்தது. எப்படியும் பின்னே வந்து சேர்வான் என்று எண்ணி மூவரும் விரைந்தோம். ஊர் சேர்ந்து, கடலாடி, உணவும் உண்டு முடித்த பின்னரே அவன் வாராமை எம் உள்ளத்திற் பட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு 9 மைல் நடந்து, பொழுது சாயும் வேளையில் வந்து சேர்ந்த அவன், எம்மை ஒரு சொல்லும் கடிந்திலன். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டான். அவன் சினந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அன்றுதொட்டு, நெடுவழி சென்ற தோழர் ஒருவரையொருவர் எங்ஙனம் பேணினர் என்று அறியும் வேட்கை எமக்கு உண்டாயிற்று. அவ்வேட்கையே எம்மைச் சாக்ட்லெபனிடம் கொண்டு சேர்த்தது.

சாக்ட்லெபன் 1866 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பிப் பேராற்றின் கரையிலுள்ள ஆல்ட்டன் என்னும் ஊரிற் பிறந்தார். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். தாமஸ் காஸ்கெல் ஆலன் என்பார் அவருடன் பயின்ற தோழர். 1890 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இருவரும் ஒருங்கே பட்டம் பெற்றனர். மறுநாளே நியூயார்க் நோக்கிப் புறப்பட்டு, அங்கிருந்து கப்பலேறி லிவர்பூல் துறையை அடைந்தனர்.

அக்காலத்து மிதிவண்டியைப் பற்றி ஒரு சொல். முன்னே ஆளுயரச் சக்கரமும் பின்னே சிறு சக்கரமுமாக அமைந்திருந்த பழைய வண்டியிலேயே தாமஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றி வந்தார். ஆப்கானித்தானத்தின் வழியே செல்ல முயன்று அங்கிருந்து திருப்பியனுப்பப்பட்ட அவர், கடல்வழியே இந்தியா அடைந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருஞ்சாலையில் வண்டியூர்ந்தவர். 1885 ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் உடைய வண்டியை ஆக்கினார். விழுந்தால் தலை உடையும் என்னும் அச்சம் குறைந்தமையின் அது காப்பு வண்டி எனப் பெயர் பெற்றது. இன்று நாம் ஏறிச் செல்லும் சைக்கிள் அதன் வழித்தோன்றலே. நம் தோழர் இருவரும் கைக்கொண்டது இவ்வகை வண்டியையே.

இவர்கள் பந்தயத்திற்குப் புறப்பட்டவரல்லர். ஏட்டிற் கற்ற கல்விக்கு நாட்டிற் காணும் காட்சியால் முடிவு காண்டலே தம் நோக்கம் என்றும், மிதிவண்டி அதற்கு ஒரு கருவி மாத்திரமே என்றும் தம் நூலிற் கூறியுள்ளனர். ஆகவே, வழிகாட்டியையோ மொழிபெயர்ப்பாளரையோ அவர்கள் அமர்த்திக்கொள்ளவில்லை. சென்ற நாடுதோறும் அந்நாட்டு மொழியிற் சிறிதேனும் கற்றுக்கொண்டனர். இதனால் துன்பம் மிகுந்ததாயினும், மக்களோடு நெருங்கிப் பழகும் பேறும் மிகுந்தது. கற்ற மொழியைத் தேர்வுத்தாளோடு மறந்துவிடும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.

பிரித்தானியத் தீவுகளிற் பல வழிகளிலும் ஊர்ந்து இலண்டன் சேர்ந்த பின்னரே உலகைச் சுற்றிவரும் திட்டம் முற்றும் உருவாயிற்று. அப்பொழுது இலண்டனில் அமெரிக்கத் தூதராயிருந்தவர், ஆபிரகாம் லிங்கனின் மகனார் ராபர்ட் லிங்கன். மேற்குச் சீனமும் கோபிப் பாலையும் பெரிதும் இடர் பயப்பன என்பதை அறிந்தும், இளைஞரின் உறுதியைக் கண்டு சீனத் தூதருக்குத் தாமே எழுதி வழிச்சீட்டுப் பெற உதவினார் அவர்.

பின்னர் இருவரும் பிரான்சிற் புகுந்து, நார்மண்டி வழியாகப் பாரிஸ், போர்தோ, மார்சேல்ஸ் முதலிய நகரங்களைக் கண்டு, கடற்கரை வழியே இத்தாலியை அடைந்தனர். அந்நாட்டின் பெருநகரங்களையெல்லாம் கண்ட பின், 1890 ஆம் ஆண்டின் இறுதி நாளிற் பிரிந்திசித் துறையிற் கப்பலேறிக் கிரேக்க நாட்டுக் கார்பூத் தீவிற்குச் சென்றனர். பத்ராஸ் துறையினின்று கொரிந்து வளைகுடாவின் கரை வழியே ஏதென்ஸ் சேர்ந்து குளிர்காலத்தை அங்கே கழித்தனர். பாடநூலிற் பெயராய் மட்டும் அறிந்த ஊர்கள் கண்முன் கல்லும் மண்ணுமாய் நின்ற காட்சி, கற்றவர்க்கு எத்துணை இன்பம் பயந்திருக்கும்!

1891 ஆம் ஆண்டு இளவேனிலில் கப்பல் வழியாகக் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்து, ஏப்ரல் திங்களிற் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஆசியக் கண்டத்தில் அடியிட்டனர். இதுகாறும் சென்றது விருந்தினர் பயணம். இனிச் சென்றதே உண்மைப் பயணம். இன்று துருக்கியின் தலைநகராக விளங்கும் அங்காரா அந்நாளில் அங்கோரா எனப்பட்டது. அதன் வழியாகவும், சீவாஸ், எர்சுரூம் என்னும் நகரங்களின் வழியாகவும் கிழக்கு நோக்கிச் சென்றனர். குதிரையின்றி ஓடும் வண்டியைக் கண்ட சிற்றூர் மக்கள் அதனைச் சாத்தான் வண்டி என்றனர். தோழர் ஊருக்குள் நுழைந்தவுடனே வேலையை விட்டு ஓடிவந்து சூழ்ந்து, ஏறிக் காட்டுமாறு வேண்டினர். பசியாலும் களைப்பாலும் நிற்கவும் மாட்டாத வேளையிலும் ஏறிக் காட்டினாலன்றி உணவும் உறையுளும் கிட்டா. தயிரும் தட்டை ரொட்டியுமே பல நாளும் உணவாயின.

அர்மீனிய மேட்டுநிலத்தில் அராராத்து மலை நிற்கின்றது. ஏறத்தாழ 17,000 அடி உயரமுடையது; உச்சியில் என்றும் பனி மூடியது. ஊழிவெள்ளம் வடிந்தபோது நோவாவின் பேழை தங்கிய இடமாக மரபு இதனைக் கூறும். 1829 ஆம் ஆண்டில் பரோட் என்னும் பேராசிரியரும், பின்னாளில் அர்மீனிய இலக்கியத்திற்குப் புதுவழி காட்டிய கச்சத்தூர் அபோவியனும் தம் குழுவினருடன் இதன் முடியை எய்தியிருந்தனர். 1891 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், தம் நாட்டு விடுதலைத் திருநாளையொட்டி, நம் தோழரும் இம்மலையேறித் தம் நாட்டுக் கொடியை உச்சியில் விரித்தனர். மலையடியிற் பரந்து கிடந்த அச்சமவெளிகளைப் படிப்பவர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். சாக்ட்லெபன் அப்பக்கம் மீண்டும் வர நேர்ந்தது.

பாரசீகத்தில் தப்ரீசு, தெஹ்ரான், மெஷெத் என்னும் நகரங்களைக் கடந்து உருசியரின் ஆட்சிக்குட்பட்ட நடு ஆசியாவிற் புகுந்தனர். சமர்க்கந்தைக் கண்டு, தாஷ்கந்திற் குளிர்காலம் கழித்து, 1892 இல் சீன எல்லையை அடுத்த குல்ஜா நகரை அடைந்தனர். அங்கே சுமையைக் குறைத்தலே பெருங்கவலையாயிற்று. சீனத்தில் அந்நாளில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துப் பொருள் வாங்குவர். சில்லறைக்கோ நடுவில் துளையுள்ள செப்புக் காசுகளைக் கயிற்றிற் கோத்து வைப்பர். சிறு தொகையும் செப்புக் காசாயிற் பெருஞ்சுமையாம். ஆதலின் வெள்ளியைச் சிறு துண்டுகளாக்கி எடுத்துக்கொண்டு, வண்டியிலும் உடைமையிலும் இன்றியமையாதன தவிர ஏனையவற்றைக் குறைத்துவிட்டுப் புறப்பட்டனர்.

உரும்சி, ஹாமி என்னும் ஊர்களுக்குப்பின் கோபிப் பாலை. நீர்நிலைகள் நெடுந்தொலைவிற்கு ஒன்றாய் உள்ள நிலம் அது. அதனைக் கடந்து, சீனப் பெருஞ்சுவரின் மேற்கு வாயிலாகிய ஜியாயூ கணவாயை அடைந்து, லான்சௌ நகர் வழியாகச் சென்று, 1892 நவம்பர்த் திங்களிற் பீக்கிங் மாநகர் எய்தினர். அவர்கள் வண்டியை அங்குள்ளார் அயல்நாட்டுக் குதிரை என அழைத்தனர். சீனப் பேரரசின் முதன்மை அமைச்சருள் ஒருவராகிய லீ ஹுங் சாங் அவர்களைத் தியென்சினில் வரவேற்று, வழியைப் பற்றியும் வழியிற் கண்டனவற்றைப் பற்றியும் வினாமேல் வினா விடுத்தார்.

ஈண்டு ஒன்று கூறுதல் தகும். இத்துணைப் பெருவழியை இவர்கள் கடந்தமைக்குக் காரணம் உடல் வலிமை மட்டுமன்று. இருவராய் இருந்தமையே முதற் காரணம் என யாம் கருதுகின்றோம். ஒருவர் உணவு தேடச் சென்றால் மற்றவர் வண்டிகளைக் காக்கலாம். ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, ஒருவர் வீழ்ந்தால், வீழ்ந்த இடம் இது என்று சொல்ல மற்றொருவர் உளர். தனித்துச் செல்வோனுக்கு இஃதில்லை.

ஷாங்காயிலிருந்து ஜப்பான் சென்று, கிறிஸ்துமஸ் நாளிரவில் சான்பிரான்சிஸ்கோ துறையில் இறங்கினர். மூன்று வாரம் இளைப்பாறி, அரிசோனா, நியூமெக்சிக்கோ, டெக்சஸ் மாநிலங்களின் வழியாகத் தம் நாட்டையே குறுக்கே கடந்து 1893 இல் நியூயார்க் சேர்ந்தனர். புறப்பட்ட நாள்முதல் மூன்றாண்டு நிறைய 20 நாள் குறைவு. வண்டியூர்ந்த தொலைவு 15,044 மைல். எடுத்த நிழற்படங்கள் 2,500 க்கு மேற்பட்டன. மிதிவண்டியில் ஆசியாவைக் கடந்த வரலாற்றை இருவரும் எழுதிய நூல் 1894 இல் வெளிவந்தது.

இவ்வளவோடு முடிந்திருப்பின் இது பெருமைக்குரிய பயண வரலாறு ஒன்றாகவே நிற்கும். யாமும் இதனை எழுதத் துணிந்திரேம்.

பிட்ஸ்பர்க் நகரிற் கணக்கராயிருந்த பிராங்க் லென்ஸ் என்னும் இளைஞர், 1892 ஆம் ஆண்டு மே திங்களில், அவுட்டிங் என்னும் திங்களிதழின் ஆதரவுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவர் மேற்கு நோக்கிச் சென்றார், தனியே சென்றார். அமெரிக்காவையும் ஜப்பானையும் சீனத்தையும் கடந்து, பர்மா வழியாக நம் நாட்டிற்கும் வந்து வடபகுதியில் ஊர்ந்து, பாரசீகத்தை அடைந்தார். 1894 ஆம் ஆண்டு மே திங்களில் தப்ரீசு நகரை விட்டுத் துருக்கி எல்லையை நோக்கிப் புறப்பட்டார். அதன்பின் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. எர்சுரூமில் அவருக்கெனக் காத்திருந்தோரிடமும் அவர் சென்று சேரவில்லை. பிட்ஸ்பர்க்கில் அவர் அன்னை அஞ்சற்காரனை எதிர்நோக்கியிருந்தார். திங்கள் பல சென்றன.

அவரைத் தேடிச் செல்வார் யார் என்னும் வினா எழுந்தபோது முன்வந்தவர் சாக்ட்லெபன். லென்ஸ் அவருடன் பயின்றவரல்லர், அவருடன் ஊர்ந்தவருமல்லர். ஆயின், லென்ஸ் மறைந்த வழியோ சாக்ட்லெபனும் ஆலனும் நான்காண்டின் முன் நலமே கடந்த அதே வழி. அவ்விதழே செலவை ஏற்றது. புகழ் விருப்பம் அவர்பால் அறவே இல்லை என்றும் யாம் கூறோம். எனினும், ஒருமுறை தப்பி வந்த வழியிலே பிறனொருவன் பொருட்டு மீண்டும் புகுவது பணத்தாலும் புகழாலும் மட்டும் நிகழ்வதன்று. வழி ஒன்றாயின், அவ்வழிச் செல்வோர் அனைவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவர் என்னும் உணர்வு அவர்பால் இருந்திருத்தல் வேண்டும்.

1895 ஆம் ஆண்டிற் கான்ஸ்டான்டிநோபிள் சென்ற அவரை, இசைவுச் சீட்டு வழங்காது அரசினர் நெடுநாள் காக்க வைத்தனர். பின்னர் எர்சுரூம் சேர்ந்தார். அங்கிருந்த ஆங்கிலேயத் தூதர் கிரேவ்ஸும் அமெரிக்க மிஷனரிமாரும் துணை புரிந்தனர். சிறிது சிறிதாக உண்மை வெளிப்பட்டது. அராராத்து மலைக்கு மேற்கே அலாஷ்கெர்த் சமவெளியிலுள்ள சில்கனி என்னும் சிற்றூரில் லென்ஸ் ஓரிரவு தங்கினார். அவ்விடத்திற் குர்தியத் தலைவன் ஒருவனுடைய பகைக்கு ஆளாகி, அவ்வூரை விட்டுச் சென்றபின் கொல்லப்பட்டார் என்பதே சாக்ட்லெபன் கண்ட முடிவு. உடல் அகப்படவில்லை. அன்னைக்கு அனுப்ப ஒரு கல்லறைப் படமும் இல்லை.

அவர் எர்சுரூமில் இருக்கும்போதே அதனினும் பன்மடங்கு பெரிய கொடுமை நிகழ்ந்தது. 1895 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் அந்நகரத்து அர்மீனியர் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். அவர்தம் வீடுகளும் கடைகளும் கொள்ளையிடப்பட்டன. அவ்வாண்டிலும் மறு ஆண்டிலும் துருக்கிப் பேரரசில் அர்மீனியர்க்கு இழைக்கப்பட்ட படுகொலைகளுள் இஃதொன்று. சாக்ட்லெபன் அர்மீனியரின் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றார். வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களையும், அவற்றைப் புதைக்கத் தோண்டிய நெடுங்குழியையும் கண்டார். கண்டதை நிழற்படமாக எடுத்தார். எழுத்தில் வடித்து இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு விடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அது வெளிவந்தது. ஒருவனது உடலைத் தேடிச் சென்றவர், பெயர் அறியப்படாத பலருடைய முடிவிற்குச் சான்றாக நின்றார். ஏதென்ஸ் நகரத்து இடிபாடுகளையும் அராராத்தின் பனிமுடியையும் எடுத்த அதே பழக்கம் பெற்ற கண்களே இப்படங்களையும் எடுத்தன. உலகைக் காணப் புறப்பட்டவன், காண விரும்பாததையும் காணக் கடமைப்பட்டவன் என்பதை அவர் அன்று உணர்ந்திருப்பார்.

வழக்கின் முடிவு ஆறுதல் தருவதன்று. குற்றஞ்சாட்டப்பட்டோருட் பலர் தப்பினர். குர்தியருடன் அர்மீனியர் சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். உண்மையை வெளிப்படுத்த முயன்ற முயற்சியே எளியோர்க்குத் துன்பமாக முடிந்ததோ என்னும் எண்ணம் படிப்போர் உள்ளத்தை உறுத்தாதொழியாது. ஆண்டுகள் சில சென்றபின் லென்ஸின் குடும்பத்தினர்க்கு நட்டஈடாக ஒரு தொகை கிடைத்தது. வெறுங்கையோடு மீண்டார் சாக்ட்லெபன்.

அதன்பின் அவர் உலகப் பயணம் மேற்கொண்டு புகழ் தேட முனையவில்லை. டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிற் குடியேறி, அங்குள்ள மெஜெஸ்டிக் நாடக அரங்கின் மேலாளராயிருந்து, 1953 ஆம் ஆண்டில் 87 ஆம் வயதில் உயிர் நீத்தார். கூத்துப் பார்க்க வந்து நுழைவுச்சீட்டு வாங்கியவருள் எத்துணைப் பேர், அம்முதியவர் கோபிப் பாலையை மிதிவண்டியிற் கடந்தவர் என்று அறிந்திருப்பர்! அவர் எடுத்த நிழற்படங்களின் ஒரு பகுதி லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்திற் போற்றி வைக்கப்பட்டுள்ளது.

இவர் வாழ்வு வெற்றியா, தோல்வியா? 15,044 மைலைக் கணக்கிடின் வெற்றி. லென்ஸைத் தேடிச் சென்றதன் பயனைக் கணக்கிடின் தோல்வி என்பாரும் உளராவர். யாம் அங்ஙனம் கருதோம். முதற் பயணத்தில் அவர் கற்றது வழிகளும் மொழிகளும். இரண்டாம் பயணத்தில் அக்கல்வியைப் பிறர் பொருட்டுச் செலவிட்டார். முதற் பயணம் இல்லையேல் இரண்டாவது இயன்றிராது. இரண்டாவது இல்லையேல் முதற் பயணம் தம் மகிழ்ச்சிக்கே செய்த உலாவாய் முடிந்திருக்கும். தேடினவன் காணாமற் போகலாம். தேடாமலே இருந்துவிட்டவனுக்கு அச்சாக்குக் கூட இல்லை.

நம் கல்லூரியை விட்டு இவ்வாண்டு வெளிச்செல்லும் தோழர் பலர். அவருள் முந்திச் செல்வோரும் உளர். முள் தைத்த சக்கரத்தோடு பின்தங்குவோரும் உளர். முந்தினோர் ஊர் சேர்ந்து உண்டு மகிழ்தல் இயல்பே. ஆயினும் உணவின்முன் அமரும்போது, வந்தவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. குறைந்திருப்பின் எழுந்து, வந்த வழியே திரும்பிச் செல்வாராக. அன்று யாம் அது செய்திலேம். எம் தோழன் அதனை மறந்துவிட்டதாகக் கூறுகின்றான், யாம் மறந்திலேம். அடுத்த விடுமுறைக்கும் அந்நால்வருமே புறப்படத் துணிந்துள்ளோம். இம்முறை அவன் முன்னே செல்வான். யாம் பின்னே செல்வோம்.